கட்டில் கால்

அண்ணனைக் கட்டியவள் பெரியவள். தம்பியைக் கட்டியவள் சின்னவள். பெரியவள் தையல் கடை வைத்திருந்தாள், சின்னவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்கென்று சின்னவளின் மகளுக்குப் பெரியவள் பார்த்துப் பார்த்து ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள். பிள்ளை மேடையேறி நின்றபோது பார்த்தால், கவுனின் இடுப்பில் வேறு யாரோ கை வைத்திருந்தார்கள். வேறு நூல், வேறு தையல். கேட்டதற்குக் கொஞ்சம் லூசாக இருந்தது என்றாள் சின்னவள், அதுவும் நாலு பேர் முன்னால். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கணவன்மார் மட்டும் எதுவுமே நடக்காததுபோல ஒன்றாக டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன பெரியவள், ஞாயிற்றுக்கிழமை இரும்பு வேலை கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் பட்டறை வாசலில் சின்னவளின் ஸ்கூட்டர் நின்றது. அவளும் சேர்ந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். இவளுக்காக நான் ஏன் போக வேண்டும் என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது மாஸ்டர் பேச்சை முடித்திருந்தார். எதை உலையில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதெல்லாம் அந்தச் சுற்றில் போயிற்று.

மாஸ்டர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், முப்பது வயதுக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். முதல் இரண்டு வாரம் அவர் கொடுத்த கம்பியிலேயே எல்லோரும் கொக்கி வளைத்தார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் கிடக்கும் பழைய இரும்பைக் கொண்டு வரச் சொன்னார். பெரியவள் பரணிலிருந்த பழைய கட்டிலின் கால் ஒன்றை எடுத்துப் போனாள். இரண்டு முனையிலும் மூடி வைத்துப் பற்றவைத்த உருளைக் கால். கையில் எடுத்தால் கனத்தது. அதுவே நல்ல இரும்புக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. வாசல் ஒரு கோடியில், சாணை மெஷின் மறு கோடியில், நடுவில் காஸ் உலை. உலையின் வாய் நடைபாதையைப் பார்த்து இருந்தது. சாணை மெஷினிலிருந்து வாசலுக்கு வர யாராக இருந்தாலும் அந்த வாயின் முன்னால்தான் நடக்க வேண்டும்.

மாஸ்டர் ஒருவருக்குச் சம்மட்டி பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் கட்டில் காலை உலைக்குள் செருகிவிட்டு, சிவக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையிலிருந்து ஒரு மெல்லிய சீற்றம் வந்தது. மாஸ்டர் தலையைத் திருப்பினார். சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, அது குழாயா?"

"கட்டில் காலு, தம்பி."

"ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கா?"

ஆமாம் என்றாள். அவர் முகம் வெளிறியதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளே காற்றும் ஈரமும் போக வழியில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கும், யாரும் அதைத் தொடாமல் வெளியே போங்கள் என்று மாஸ்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். எல்லோரையும் வாசலுக்குத் தள்ளிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் வெளியே இருந்த சிலிண்டரை மூட ஓடினார். காஸை மூடினாலும் உலைக்குள் இருக்கும் சூடு லேசில் இறங்காது. அது பெரியவளுக்குத் தெரியும்.

தெருவில் நின்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே சாணை மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள். கோடியில், சுவரைப் பார்த்து, காதுமூடி போட்டுக்கொண்டு கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கூட இருந்த லாரி டிரைவர் மெயின் சுவிட்சை அணைக்கப் போனார். பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மெஷின் நின்றால் அவள் திரும்புவாள், கரண்ட் போச்சே என்று நேராக உலைக்கு முன்னால் நடந்து வருவாள், வேண்டாம் என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். டிரைவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

சுவரோரம் கனமான இரும்பு மேஜை ஒன்று இருந்தது. அதன் பின்னால் முழங்காலில் தவழ்ந்தாள். மேஜை முடிந்த இடத்திலிருந்து உலையைத் தாண்ட நாலு எட்டு வைத்தாக வேண்டும். சீற்றம் இப்போது இல்லை, கசிந்த வழியும் அடைபட்டிருக்கும். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. சேலையை வாரிச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கன்னத்தில் அனல் அறைந்தது. தாண்டிவிட்டாள்.

பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கையைச் சக்கரத்தில் விடுவாள். அதனால் பெரியவள் பக்கவாட்டில் போய் அவள் கண்ணில் படும்படி நின்றாள். சின்னவள் கடைக்கண்ணால் பார்த்தாள். யார் என்று தெரிந்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, கத்தியை மறுபடி சக்கரத்தில் வைத்தாள்.

அந்தப் பயத்திலும் பெரியவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மெஷின் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தி அணைத்தாள். சின்னவளின் ஒரு பக்கக் காதுமூடியைப் பிடித்து இழுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணும் உறவாட வரல. உலை வெடிக்கப்போகுது, கிளம்பு."

சின்னவள் உலையைப் பார்த்தாள். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டில் காலைப் பார்த்தாள். ஓடத் திரும்பிய பெரியவளின் முழங்கையை எட்டிப் பிடித்தாள்.

"உலைக்கு முன்னாடி போகாதீங்க. உக்காருங்க, இங்கயே."

மெஷின் நின்றிருந்த செங்கல் மேடைக்குப் பின்னால் அவளை இழுத்து உட்காரவைத்தாள். ஒருத்தி உட்காரும் இடம். இருவரும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். உலையின் இரைச்சல் படிப்படியாக அடங்கியது. மாஸ்டர் காஸை மூடிவிட்டார். அதன் பிறகு இரும்பு சுருங்கும் டிக் டிக் சத்தம் மட்டும்.  எல்லாம் அடங்கிவிட்டது, எழுந்திருக்கலாம் என்று பெரியவள் தலையைத் தூக்கினாள். சின்னவள் அவள் பிடரியில் கை வைத்து அழுத்தினாள்.

அப்போதுதான் வெடித்தது.

கொட்டகையே ஒருமுறை குலுங்கியது. கூரையிலிருந்து துருவும் தூசியும் கொட்டின. ஏதோ ஒன்று நடைபாதையைக் கடந்து எதிர்ச்சுவரின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. துளை வழியாக வெயில் உள்ளே விழுந்தது. துளை பெரியவளின் இடுப்பு உயரத்தில் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் ஓடி வந்தார். இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலை வைத்தது நான்தான், தம்பி, முதல் நாள் நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்றாள் பெரியவள். நீங்கள் கொண்டு வந்ததையெல்லாம் நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்றார் அவர்.  அன்றைக்கு வகுப்பு இல்லை என்று எல்லோரையும் அனுப்பினார்.

வாசலில் சின்னவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கிளப்பியவள் போகாமல் நின்றாள். பெரியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பின்னால் ஏறினாள். காதில் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்ததால் பேசினாலும் பாதி கேட்டிருக்காது. வழியில் சின்னவள் எதையோ சொன்னாள். பெரியவள் மூன்று முறை என்ன, என்ன என்று கேட்ட பிறகு சின்னவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா, நான் அந்த வீட்டுல யார் முகத்துல முழிக்கறது?"

"உனக்கு ஆயிருந்தா?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். தூசிதான், தலையெல்லாம் தூசி, வீட்டுக்குப் போய் முதலில் குளி என்றாள் பெரியவள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் ஒவ்வொருவர் கொண்டு வந்ததையும் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். பெரியவள் வெறுங்கையோடு வந்திருந்தாள். இருவர் சேர்ந்து செய்யும் வேலை அன்று: ஒருத்தர் பழுத்த இரும்பைக் குறட்டால் பிடிக்க, இன்னொருத்தர் சம்மட்டி போட வேண்டும். மாஸ்டர் யாரையும் சேர்த்துவிடவில்லை. சின்னவள் தானாகவே சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவள் முன்னால் வந்து நின்றாள்.

முதல் அடியில் இரும்பு நழுவியது. "கோணலா பிடிக்கிறீங்க" என்றாள் சின்னவள்.

"நீ கோணலா அடிக்கிற" என்றாள் பெரியவள். ஆனால் பிடியை மாற்றிக்கொண்டாள்.