கடைசி ரீல் வராத படம்

படம் பார்க்க வேண்டும் என்று முருகையா கொட்டகைக்குள் போகவில்லை. மழைக்கு ஒதுங்கத்தான் போனார். எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து அரைக்கும் இஸ்டோரில் இருபத்தெட்டு வருஷமாக மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் அவர். அறுந்துபோன பெல்ட்டைத் தைத்து வாங்கிவரச் சொல்லிப் பதுளைக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது, பஸ்ஸோ ஐந்தரைக்குத்தான். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒதுங்க இடம் தேடினால் டிக்கெட் கொடுக்கிற பொந்துதான் கண்ணில் பட்டது. தோளில் பெல்ட்டுச் சுருளோடு போய்க் கேலரியில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் பார்த்த முதல் படம் அது. 'மூஞ்சியில பவுடரைப் பூசிக்கிட்டு அழுவுறானுக, அதைப் போயி பாக்குறதா' என்று அதுவரைக்கும் ஊரையெல்லாம் ஏசிக்கொண்டிருந்தவர்.

கால் மணி நேரம் கொட்டாவி விட்டார். பிறகு மடியிலிருந்த பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். திரையில் ஓர் அப்பன், ஒரே மகள். மகள் தன் இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போகிறாள். அப்பன் நேரே கிணற்றடிக்குப் போய், 'என் மக செத்துட்டா' என்று சொல்லி, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொள்கிறான். முருகையாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால், லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்க்க, மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீருக்குக் கீழே நின்று அவரும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் தலை முழுகினார்.

அவருடைய மகள் மாரியாயி பூனாகலைத் தோட்டத்து ரெங்கசாமியோடு போயிருந்தாள். தங்களைவிடத் தாழ்ந்த ஆட்கள் என்று முருகையா நினைத்து வைத்திருந்த குடும்பம். பேரப்பிள்ளை பிறந்த சேதி வந்தபோதுகூட அவர் காது கேளாதவர் மாதிரி வெற்றிலை மென்றார். இப்போது அவர்களுக்கு இந்தியாவுக்கே போய்விடப் பாஸ்போர்ட்டு வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை ரயில். அவர் பெண்சாதி பெரியாயி இதை அவரிடம் நேராகச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்து மூன்று தரம் சொன்னாள். வியாழக்கிழமை தாண்டினால் கடலுக்கு அந்தப் பக்கம். அப்புறம் இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வீம்பு பண்ணிக்கொண்டிருந்தார்.

படத்து அப்பனுக்கு மெல்ல மெல்லத் தலை நரைத்தது. மகள் பேரை எவனாவது எடுத்தால் கடித்துக் குதறியவன், கடைசியில் ஒரு மழையில் குடையில்லாமல் கிளம்பினான். ஆற்றைக் கடந்து, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, மகள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

அந்த நேரம் திரை வெள்ளையாகிவிட்டது. லைட்டைப் போட்டார்கள்.

நடந்தது இதுதான். ஒரே பெட்டி ரீலை வைத்துக்கொண்டு பண்டாரவளையிலும் பதுளையிலும் ஒரே நாளில் படம் ஓட்டிய காலம் அது. அங்கே ஓடி முடிந்த ரீல் மோட்டார் சைக்கிளில் இங்கே வரும். அன்றைக்கு ஹாலிஎலப் பக்கம் மண் சரிந்து, கடைசி ரீல் வழியிலேயே நின்றுபோயிற்று. வழக்கமாகப் படம் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கிவிட்டது. விசிலடித்தார்கள், பெஞ்சைத் தட்டினார்கள். முதல் படம் பார்க்கும் முருகையாவுக்கு என்ன தெரியும், பாவம். படம் முடிந்த சந்தோஷத்தில் சனம் ஆரவாரம் செய்கிறது என்று நினைத்தார். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. பெல்ட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். எவ்வளவு பெரிய ஆள் இந்தப் படம் எடுத்தவன் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். கையைத் தூக்குவது வரைக்கும் காட்டிவிட்டு, மிச்சத்தை அவனவன் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டானே.

மறுநாள் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று பெரியாயி கேட்கவில்லை. மகளுக்குப் பிடிக்கும் என்று அவித்த மரவள்ளிக்கிழங்கை ஒரு துணியில் முடிந்து, கையில் திணித்தாள்.

பூனாகலையில் பனி இறங்கி, லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. லயத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று செருமுவார்கள், இல்லாவிட்டால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தட்டுகிறவன் போலீசு, அல்லது கச்சேரியிலிருந்து கடுதாசி பார்க்க வரும் அரசாங்க ஆள். முருகையாவுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் கை தானாகத்தான் தூக்கிக்கொண்டது. மூன்று தரம் தட்டினார்.

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது மாரியாயி இடுப்பில் பிள்ளையும் கையில் துணிப்பையுமாகக் குனிந்தபடியே நின்றாள்.

"எல்லாக் கடுதாசியும் சரியா இருக்குங்கய்யா. போட்டோகூட ஒட்டியாச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பை கீழே விழுந்தது.

"அப்பா, நீங்க எதுக்குக் கதவைத் தட்டுறீங்க? மாரின்னு கூப்புட்டா வந்திருக்க மாட்டேனா?"

முருகையா கிழங்கு முடிச்சை நீட்டினார். வழியெல்லாம் யோசித்தும் ஒரு வார்த்தை கிடைத்திருக்கவில்லை.

"படத்துல இதுக்கு மேல காட்டலம்மா" என்றார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பின்னாலிருந்து ரெங்கசாமி எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க மாமா, பனியில நனையாதீங்க" என்றான். அந்த வீட்டில் முருகையா நாலு நாள் இருந்தார். ரெங்கசாமி வார்த்த தேத்தண்ணீரைக் குடித்தார், அவன் தட்டில் சாப்பிட்டார். சோறு தொண்டையில் சிக்கவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம். வியாழக்கிழமை பண்டாரவளை ஸ்டேஷனில் கார்டு விசில் ஊதும்வரை பேரனைக் கையிலிருந்து இறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. லயத்தில் அண்ணன் தம்பி சண்டையா, மாமியார் மருமகள் ரோசமா, முருகையா அங்கே போய்ப் படக்கதையை எடுத்துவிடுவார். "கதவைத் தட்டுனா என்ன, கையா தேஞ்சிரும்?" என்பார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. மகள் கதவைத் திறக்கிறாள், அப்பன் பேரனைத் தூக்குகிறான் என்று அவரை அறியாமலே மிச்சமும் சேர்ந்துகொண்டது. கோத்தகிரியிலிருந்து மகளின் கடிதம் வரும்போதெல்லாம் அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார். பக்கத்து வீட்டு அழகையா, "வந்துட்டாருய்யா படம்" என்று கிண்டலடிப்பான். ஆனால் பத்து வருஷமாக முகம் பாராதிருந்த தம்பி வீட்டு வாசலில் போய் நின்றவனும் அதே அழகையாதான்.

எண்பதாம் வருஷக் கோயில் திருவிழாவுக்கு அந்தப் படத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று முருகையா ஒற்றைக் காலில் நின்றார். கொண்டுவந்தார்கள். பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி ஓட்டினார்கள். அவர் படம் காட்டும் மெஷினுக்கு நேர் முன்னால், மகளை ரயிலேற்றிவிட்ட கையோடு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் முன்கூட்டியே "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று பெரியாயியை இடித்தார்.

அப்பன் வாசலுக்கு வந்தான். கையைத் தூக்கினான். இந்தத் தரம் திரை வெள்ளையாகவில்லை.

தூக்கிய கை அப்படியே நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. அப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி மழையில் நடந்தான். திரையில் சாத்திய கதவு மட்டும் நின்றது. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்னங்கண்ணே, இவன் தட்டாமப் போறான்?" என்றான் அழகையா.

இதை அன்றைக்கே பார்த்திருந்தால் முருகையா பூனாகலைக்குப் போயிருப்பாரா? பஸ்ஸிலிருந்து இறங்கி, கொண்டுவந்த பெல்ட்டை மாட்டிவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு இருந்திருப்பார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கடிதம் இருந்தது.

படத்தின் கடைசிப் பாட்டு கேட்கத் தொடங்கியது. கதவு இன்னும் திரையில்தான் நின்றது. அவர் எழுந்தார். பின்னால் இருந்தவர்கள் "மறைக்குதுங்க, உக்காருங்க" என்றார்கள். அவர் உட்காரவில்லை. மெஷின் வெளிச்சத்துக்குள் கையைத் தூக்கினார். வெள்ளைத் துணியில், அந்தச் சாத்திய கதவின் மேல், ஒரு பெரிய கையின் நிழல் விழுந்து மூன்று தரம் தட்டியது.