நூறு டிகிரி ஒத்திகை

1

முதலில் உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். நாமக்கல்லில் ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, "கண்ணாடி முன்னாடி பேசிப் பாருங்க, கேள்வி கேட்டதும் மூணு விநாடி நிறுத்துங்க" என்று ரெண்டு நாள் அளந்துவிட்ட மகானுபாவன் நான்தான். அதை ஒரு மனுஷன் நிஜமாகவே செய்துவிட்டார். அந்த வினைதான் இந்தக் கதை.

2

கொல்லிமலையின் பனி படர்ந்த காலையில், அறிவியல் ஆசிரியர் பெஞ்சமின்...

(பனியாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.)

பெஞ்சமின் வாத்தியார் ஆறு வருஷமாக மலையில் கிடக்கிறார். மனைவியும் மகளும் கீழே. அதிகாரி முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அவர் மெச்சினால் கீழே மாறுதல். பாடம், தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பது. ஒன்பது நாள், பிள்ளைகள் வருமுன்பே காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தினார். இங்கே புன்னகை. இங்கே நிறுத்தம். வலது கையைத் தூக்கி, "நூறு!" பெஞ்சுகள் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சத்துணவு சமைக்கும் கண்ணாயி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க சார், கையெல்லாம் நல்லா ஆட்டறீங்க. விளக்கைப் பத்த வெச்சு, தண்ணியக் காய்ச்சி ஒருக்கா பாத்தீங்களா?"

"அதென்ன பெரிய வித்தையா? தண்ணி கொதிக்காதா?"

"கொதிக்கும்ங்க. ஆனா கீழ மாதிரி சட்டுனு பருப்பு வேகாதுங்க இங்க."

அவர் காதில் விழவில்லை. புன்னகைக்கு நேரமாகிவிட்டது.

(இவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதலாமா என்று யோசித்தேன். மகள் போனில் அழுதால் தானும் அழுகிறவர்தான். ஆனால் ஆறு வருஷத்தில் வகுப்பில் ஒரு குவளைத் தண்ணீர் கொதிக்க வைக்காதவருக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?)

3

மாதிரி வகுப்பு அன்றைக்கு அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்தார். குரல் பிரமாதம், பார்வை பிரமாதம். தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்ல ஏழாம் வகுப்பு ராதிகாவைக் கூப்பிட்டார் பெஞ்சமின். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"தொண்ணூத்தாறுங்க சார்."

"பொறு கண்ணு, ஏறும்."

பொறுத்தாள். "ஏறலீங்க சார்."

நூறுக்காகத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று அவர் கல்லூரியில் படித்தவர்தான். ஒத்திகையில் மறந்துபோனார். பயிற்சியில் நான் கொடுத்த தாளில் கைக்கு இடமிருந்தது, கண்ணுக்கு இடமிருந்தது, தண்ணீருக்கு இல்லை. வெட்கக்கேடு, எனக்குத்தான்.

4

ஒரு முடிவு: "மீட்டர் கோளாறு" என்கிறார். அதிகாரி தலையாட்டுகிறார். மாறுதல் வருகிறது. ராதிகா இனிமேல் தன் கண்ணையே நம்பமாட்டாள்.

இன்னொரு முடிவு: "ராதிகா சொன்னதுதான் சரி. நான்தான்..."

(வேண்டாம். இவ்வளவு யோக்கியமான முடிவை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

ராதிகா நோட்டில் 96 என்று எழுதிவிட்டு, கையில் ரப்பரோடு நிமிர்கிறாள். "இதை அழிக்கட்டுங்களா சார்?"

அதிகாரி பேனா மூடியைத் திறக்கிறார். பெஞ்சமின் நிறுத்துகிறார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது விநாடி உங்களுடையது. கண்ணாடி முன்னால் போய் நிற்காமல் சொல்லுங்கள்.