கக்கத்துப் பந்து

கோர்வின் கல்லூரி அந்த வருஷம் அமெரிக்கக் கால்பந்தில் எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் தோற்றிருந்தது. முதல் ஏழு தோல்விகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது புள்ளி, அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கிறவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எட்டாவதுதான் வயிற்றெரிச்சல். கடைசி நிமிஷம், எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரம், எதிரே ஓர் ஆள்கூட இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய கோல்பி வோன்ட்ரா, அதைத் தன் முழங்காலிலேயே இடித்து நழுவவிட்டான். எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நெப்ராஸ்காவின் அந்த மூலையில், சோள அறுவடை முடிந்து வேறு பேச்சே இல்லாத நவம்பரில், இதைவிடப் பெரிய குற்றம் ஒருவன் செய்துவிட முடியாது.

திங்கட்கிழமை கோச் ஹாஸ்கல் எல்லோரையும் உட்காரவைத்து அந்தக் காட்சியைத் திரையில் போட்டார். திரும்பத் திரும்பப் போட்டார். நழுவுகிற இடத்தில் நிறுத்துவார், காப்பியை ஒரு வாய் உறிஞ்சுவார், மறுபடி பின்னால் ஓட்டுவார்.

"அழகா ஓடுறான் பாருங்க," என்றார். "பந்து கையில இருக்கறது ஒண்ணுதான் அவனுக்கு இடைஞ்சல்."

சிரித்தவர்களில் கோல்பியும் ஒருவன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

பிறகு பந்தை அவன் மடியில் எறிந்தார். கோர்வினில் அது பழைய சட்டம். நழுவவிட்டவன் அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை பந்தோடு திரிய வேண்டும். வகுப்புக்கு, சாப்பாட்டுக்கு, கழிப்பறைக்கு, சர்ச்சுக்கு. யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். தரையில் விழுந்தால் சனிக்கிழமை ஆட முடியாது, பெஞ்சில்தான். விழாமல் காப்பாற்றிவிட்டால் அவன் இடம் அவனுக்கு, கோச்சே நினைத்தாலும் பிடுங்க முடியாது. ஹாஸ்கலுக்கு அவனுக்குப் பதிலாக முதலாமாண்டு மாணவன் டாரியனை இறக்கிப் பார்க்க ஆசை. ஊருக்கும் அதே ஆசை. ஆகவே பந்து விழ வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நடப்பது சீசனின் கடைசி ஆட்டம். நாலாமாண்டுக்காரன் கோல்பிக்கு அதற்குப் பிறகு வாழ்நாளில் ஆட்டம் கிடையாது. அதோடு அன்று அவன் அப்பா வருகிறார். டுவேன் வோன்ட்ரா இந்த வருஷம் ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. அறுப்பு வேலை என்றார், அறுப்பு முடிந்த பிறகும் அதையே சொன்னார். அவரும் அதே கல்லூரியில் அதே இடத்தில் ஆடியவர், ஹாஸ்கலின் கூட்டாளி. ஒருமுறை நழுவவிட்டு, வாரம் முழுக்கச் சுமந்து, விழாமல் காப்பாற்றி, அந்தச் சனிக்கிழமை மூன்று தரம் கோட்டைத் தாண்டியவர் என்று ஊரில் இன்னும் பேச்சு உண்டு. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன் கோல்பி. அப்பா கண் எதிரில் ஒரே ஒரு நல்ல ஆட்டம் ஆட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் விளையாட்டாகத்தான் போனது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாய்ந்தார்கள், கிச்சுகிச்சு மூட்டினார்கள். மறுநாளிலிருந்து கைகளில் கோபம் ஏறியது. எட்டு தோல்விக்கும் சேர்த்து அடிக்க ஓர் ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? கணக்கியல் பேராசிரியர், "இங்க மேஜைமேல வச்சிட்டு நிம்மதியா எழுதுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவன் வைக்கவில்லை. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். வேதம் படித்தவர்கூட விடவில்லை. கல்லூரி சர்ச்சில் பாதிரியார், எல்லோரும் கைகோத்து ஜெபிக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவனை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

புதன்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் சில்லி என்கிற காரமான பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும். கோல்பி ஒற்றைக்கையில் தட்டேந்திப் போகும்போது யாரோ தட்டை அடியிலிருந்து தூக்கிவிட்டார்கள். கொதிக்கக் கொதிக்கச் சில்லி பந்து பிடித்த கைமேல் கொட்டியது. கூடம் மூச்சை அடக்கிப் பார்த்தது. அவன் கத்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை. பந்து விழாது என்று தெரிந்ததும் எல்லோரும் திரும்பிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அறைத்தோழன் ஜார்விஸ்தான் ஐஸ்கட்டி கொண்டுவந்தான். அவனும் அணியில்தான், முன்வரிசையில் நின்று கோல்பிக்கு வழி விலக்கிக் கொடுக்கிற தடியன்.

"தோல் கழண்டு வருதுடா. பந்தைக் கொடு, நான் வச்சிருக்கேன். நீ போய் தண்ணில கையக் காட்டு."

"வேணாம்."

"நான்டா கோல்பி."

"நீயா இருந்தாலும் வேணாம்."

ஜார்விஸ் ஐஸை அவன் கட்டில்மேல் போட்டுவிட்டு எழுந்து போனான். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன். அதன்பிறகு அவன் அந்தப் பந்துப் பேச்சையே எடுக்கவில்லை, வேறு பேச்சும் எடுக்கவில்லை. கோல்பிக்கு உறைத்தது. ஆனாலும் சனிக்கிழமை ஆகட்டும், அப்புறம் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

மறுநாள் அப்பா போன் செய்தார்.

"பந்து இன்னும் உன்கிட்டதான் இருக்கா?"

"இருக்குப்பா."

"ஹாஸ்கல் சொன்னான். நான் நம்பல."

"நிஜமாப்பா. ஒருத்தனாலயும் முடியல."

"ம்," என்று வைத்துவிட்டார். அந்த ஒரு ம்-மை நினைத்து நினைத்து அன்று முழுக்கக் கோல்பிக்கு மனம் குளிர்ந்து கிடந்தது. பைத்தியக்காரன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் நாலாமாண்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோரோடு மைதான நடுவுக்கு வருவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், அம்மாவுக்கு ஒரு மஞ்சள் செவ்வந்தி கொடுப்பார்கள். கோல்பி கட்டுப்போட்ட கையில் பந்தை இறுக்கிக்கொண்டு நடந்தான். ஒரு பக்கம் அம்மா லினெட், மறுபக்கம் அப்பா, தன் பழைய கோர்வின் ஜாக்கெட்டில். அவன் பெயரைச் சொன்னபோது பார்வையாளர் வரிசைகளில் கைதட்டலும் எழுந்தது, ஊளையும் எழுந்தது. நடுக்கோட்டில் அப்பா நின்றார். அவன் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அவனைக் கட்டிப்பிடித்ததில்லை. கோல்பி ஓர் அடி முன்னால் வந்தான். ஒரு கையால் எப்படிக் கட்டிக்கொள்வது? பந்து பிடித்த கையையும் கொஞ்சம் தளர்த்தினான்.

கீழிருந்து அப்பாவின் முஷ்டி வந்தது. பந்து பனி படர்ந்த புல்லில் விழுந்து, கோணல்மாணலாகக் குதித்து, அம்மாவின் காலடியில் போய் நின்றது.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மைதானமே சிரித்தது. லினெட் குனிந்து பந்தை எடுத்துத் தன் கோட்டில் துடைத்து அவனிடம் நீட்டினாள். "பிடிச்சிக்கோ கண்ணு. யாரும் பாக்கல," என்றாள்.

"அப்பா," என்றான் கோல்பி.

"உன் நல்லதுக்குத்தான்டா," என்றார் டுவேன், கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தபடியே. "என்கூட ஆடினவனுங்க பூரா பேரும் மேல உக்காந்திருக்கானுங்க. அவனுங்க நடுவுல உக்காந்து, நீ மறுபடியும் விடறத என்னால பாக்க முடியாது."

"நான் விடலப்பா. வாரம் பூரா விடல."

"இப்ப விட்டியே."

கோச் ஹாஸ்கல் டாரியனின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். கோல்பி பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரணியும் கோர்வினைப்போலவே உருப்படாத அணிதான். ஆட்டத்தின் நாலாவது, கடைசிப் பகுதியில் ஜார்விஸ் இரண்டு பேரை ஒன்றாகச் சாய்த்து வழிவிட, டாரியன் அந்தச் சந்தில் நுழைந்து கோட்டைத் தாண்டினான். கோர்வின் ஜெயித்தது. அந்த வருஷத்தின் ஒரே வெற்றி. கிழவர்கள் வேலி தாண்டிக் குதித்து உள்ளே ஓடிவந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கோல்பியும் எழுந்து ஓடினான். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினான்.

உடைமாற்றும் அறையில் கோச் நாற்காலிமேல் ஏறினார். ஜெயித்தால், அந்த வெற்றிக்குக் காரணமானவருக்குப் பந்தைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். டாரியன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றான்.

"இன்னிக்கு இது ஆடினவன் யாருக்கும் இல்ல," என்றார் ஹாஸ்கல். "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நம்மள ஜெயிக்க வச்ச ஆளுக்கு. டுவேன், வாடா இங்க!"

கூரை பறக்கக் கத்தினார்கள். கதவோரம் நின்றிருந்த டுவேன் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து பந்தை வாங்கினார். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. மகனுடைய எந்த ஆட்டத்துக்கும் அவர் கண் கலங்கிக் கோல்பி பார்த்ததில்லை. அவர் சுற்றிலும் தேடி, மூலையில் நின்றவனைக் கண்டுபிடித்து, "பிடிடா!" என்று எறிந்தார்.

விட்டுவிட வேண்டும் என்றுதான் கோல்பி நினைத்தான். அந்த ஒரு நொடியில் அதைத்தான் நினைத்தான். ஆனால் ஒரு வாரமாகப் பழகிய கை கேட்கவில்லை. பந்தைப் பிடித்து, வெந்த தோலோடு சேர்த்து இழுத்து, கக்கத்தில் இறுக்கிக்கொண்டது.

"இப்ப பிடிக்கிறான் பாரு!" என்றார் டுவேன். அறையே கைகொட்டிச் சிரித்தது.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அப்பாவை ஹாஸ்கல் தோளில் கைபோட்டு பீர் குடிக்க அழைத்துப் போனார். கடைசியில் ஜார்விஸ் மட்டும் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கோல்பி அவன் எதிரே போய் நின்றான்.

"குளிக்கணும். கொஞ்ச நேரம் இத வச்சிக்கறியாடா?"

ஜார்விஸ் நிமிர்ந்தான். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கீழ வச்சிட்டுப் போ. இனிமே அத எவனும் தட்ட மாட்டான்," என்று சொல்லிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோல்பி பந்தைக் கீழே வைக்கவில்லை. அதை இடுக்கிக்கொண்டே, ஷவரைத் திறந்துவிட்டு, உடுப்போடு அதனடியில் போய் நின்றான்.