பதினோரு முறை அதிகம்

அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு மேசைகள் இருந்தன. மூன்று மேசைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நடுவில் கிடந்தன. நான்காவது மேசை சுவரைப் பார்த்தபடி இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு உரிய பெண்மணிக்கு வயது நாற்பத்தெட்டு. மற்ற மூவரில் எவருக்கும் இன்னும் முப்பது ஆகவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு திரையரங்கில் டிக்கெட் கொடுத்தவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அவர் பார்த்ததென்னவோ அவர்களுடைய கைகளை மட்டுந்தான். அரைவட்டத் துளை வழியாகக் கை வரும், பணம் வரும், டிக்கெட் போகும். திரையரங்கை இடித்து அங்கே கார்களை நிறுத்தத் தொடங்கிய ஆண்டில், அவர் மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கச் சேர்ந்தார். தம் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு தாளில் இரண்டு முறை தவறி, மூன்றாம் ஆண்டில் தேறினார்.

இந்த வேலையில் சேர்ந்தபோது, வெளியூரில் குடும்பத்தோடு இருந்த தம்பி தொலைபேசியில் கேட்டான்.

"ஏன்க்கா, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

"ஐம்பதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்குடா. அதுக்குள்ள வளைஞ்சுக்கறேன்."

தம்பி நல்லவன். அந்த நல்லகுணந்தான் அவரை அச்சுறுத்தியது. "பின்னாடி ரூம் சும்மாத்தான கிடக்கு. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல ஆள் இல்ல. உனக்கும் ஒரு துணை, எங்களுக்கும் ஒரு துணை" என்பான். அந்த வீட்டில் எவரும் அவரை ஒரு சொல் கடிந்து பேசமாட்டார்கள். ஆனால் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுப்பவராக அவர் இருக்க வேண்டியிருக்கும். திருமணம் செய்துகொள்ளாமல், ஒற்றை அறை வாடகை வீட்டில் தம் சாவியைத் தாமே வைத்துக்கொண்டு வாழ்ந்து பழகியவர் அவர். புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தில் ஆறு மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம் செய்வார்கள். நிரந்தரம் ஆகாவிட்டால் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவது என்று அக்காளும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள்.

தண்ணீர் மோட்டார் விற்கும் நிறுவனம் அது. கணக்குப் பிரிவின் மேலாளர் இருபத்தொன்பது வயதுப் பெண். அவர் இவரை "மேடம்" என்பார். இவரும் அவரை "மேடம்" என்பார். உதவியாளர் இருவர்: நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் இளைஞன், சுருட்டைமுடி என்று பெயர் வாங்கிய ஒரு பெண். பணம் எண்ணிப் பழகிய கை என்பதால், சில்லறைச் செலவுப் பெட்டியை இவரிடம் கொடுத்தார்கள். கூரியர், வண்டிக்காரர் செலவு, தேநீர் என்று எதற்குப் பணம் எடுத்தாலும் ஒரு வவுச்சர் எழுதிப் போட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மீதப் பணத்தை எண்ணி ஏட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரம் நெட்டையன் கேட்டான். "அக்கா, வெளிய சாப்பிடப் போறோம். வர்றீங்களா?"

"இல்லப்பா, டப்பா கொண்டாந்திருக்கேன்."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். நான்காம் நாள் கேட்கவில்லை. இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. அழைத்தவர்கள் உண்மையாகவே அழைத்தார்கள். மறுத்தவர் கையில் உண்மையாகவே டப்பா இருந்தது. ஒரு மணிக்கு அவர் பின்பக்கப் படிக்கட்டில் அமர்ந்து, நான்காம் படியில் டப்பாவை வைத்து, ஐந்தாம் படியில் தண்ணீர்ப் புட்டியை வைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவசரத்துக்கு ஆகட்டும் என்று பெட்டியின் சாவியை மேசை இழுப்பறையில் விட்டுப் போகும்படி மேலாளர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை பெட்டியில் முப்பது ரூபாய் குறைந்தது. அவர் மூன்று முறை எண்ணினார். பத்தடி தூரத்தில் மூவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தம் கைப்பையைத் திறந்து முப்பதை எடுத்துப் பெட்டியில் போட்டு, ஏட்டில் "சரி" என்று எழுதினார்.

திரையரங்கில் அதுதான் சட்டம். குறைந்தால் கவுண்டரில் இருப்பவர் தலையில், மிஞ்சினால் முதலாளிக்கு. அங்கே யாரிடம் போய்க் கேட்பது? வாங்கிய கைகளெல்லாம் இருட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருக்கும். அந்த வழக்கத்தையே இங்கும் கொண்டுவந்தார். மிஞ்சிய நாளில் மிஞ்சியதை அப்படியே ஏட்டில் ஏற்றினார். குறைந்த நாளில் கைப்பையைத் திறந்தார். வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இருமுறை. கை சுத்தமாக இருப்பதாகவே அவர் நம்பினார்.

எறும்புகளின் கதை ஒன்று உண்டு. ஒரு புற்றில் தானியக் கிடங்கைக் காக்க ஓர் எறும்பை வைத்தார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு தானிய மணி குறையும். காவல் எறும்பு மானமுள்ளது. தன் இரவு உணவுக்கு வைத்திருந்த மணியைப் போட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொள்ளும். ராணி எறும்பு தினமும் வந்து பார்த்து, "எல்லாம் சரி" என்று போய்விடும். கிடங்கின் சுவரில் ஒரு மணி போகும் அளவுக்கு ஒரு துளை இருந்தது என்பது, மழை அந்த வழியாக உள்ளே வந்த அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. காவல் எறும்பு கெட்டதா என்று கேட்டால், இல்லை. அது எவரையும் கூப்பிடவில்லை. அதுதான் அது செய்த பிழை.

ஆறாம் மாதம் கடைசி வாரத்தில் ஆடிட்டர் வந்தார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல். இரண்டு நாள் பெரிய ஏடுகளையெல்லாம் பார்த்துவிட்டு, சில்லறைச் செலவு ஏட்டைக் கடைசியாக எடுத்தார். அரைமணி நேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு இவரைத் தம் எதிரே உட்காரச் சொன்னார். மேலாளரும் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, கணக்கு எங்கேயும் உதைக்கலை. அதான் எனக்கு உதைக்குது" என்றார் ஆடிட்டர். "ஆறு மாசத்துல பதினோரு தடவை பெட்டியில அதிகம்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூடக் குறைவுன்னு இல்ல. கை தவறினா ரெண்டு பக்கமும்தானே தவறும்?"

அவர் தாம் எழுதிய வரிகளைக் குனிந்து பார்த்தார்.

"குறைஞ்ச நாளே கிடையாதா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப குறைஞ்ச பணத்துக்கு என்ன பண்ணீங்க?"

"போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"பெட்டியிலதான்."

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க காசையா?"

"கவுண்டர்ல அப்படித்தான் சார் பழக்கம்."

"இது கவுண்டர் இல்லம்மா. இங்க குறைஞ்சா குறைஞ்சதுன்னு எழுதணும். எழுதினாத்தான் ஏன் குறையுதுன்னு நாங்க தேடுவோம். மொத்தம் எவ்வளவு போட்டிருப்பீங்க?"

"எழுதி வைக்கலை."

"கணக்கு எழுத வந்தவங்க சொந்தக் கணக்கை எழுதலைங்கறீங்க" என்று ஆடிட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை.

மேலாளர் மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். நெட்டையன் தலையைச் சொறிந்தான். "ஒரு மணிக்கு நாம சாப்பிடக் கிளம்பறப்ப கூரியர்காரன் வந்து நிப்பான் மேடம். எடுத்துக் குடுத்துட்டு வவுச்சர் அப்புறம் எழுதலாம்னு விட்டிருப்பேன். சாயங்காலம் சரின்னு வந்துடும். அப்ப எழுதிட்டேன் போலன்னு நினைச்சுக்குவேன்."

"நானுந்தான்" என்றாள் சுருட்டைமுடி. "அக்கா நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எல்லோரும் எழுந்து போனபின் மேலாளரும் அதையே கேட்டார். "இருபது வருஷ அனுபவம் உங்களுக்கு. எங்களை ஏன் மேடம் ஒரு தடவைகூடக் கேட்கலை?"

பழக்கம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அது முழு உண்மையன்று என்பது அவருக்குத் தெரியும். எழுந்து பத்தடி நடந்து, சிரித்துக்கொண்டிருக்கும் மூன்று பேர் முன்னால் நின்று, அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, வாயைத் திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் இருக்க முப்பதுதான் விலை என்றால், அந்த விலை மலிவு என்று ஒவ்வொரு மாலையும் அவருக்குத் தோன்றியிருந்தது. இதை எப்படிச் சொல்வது?

"நிரந்தர ஆர்டர் டைப் பண்ணி வெச்சிருந்தேன்" என்றார் மேலாளர். "இப்போ கையெழுத்துப் போட முடியாது. இன்னும் மூணு மாசம் பார்க்கலாம். பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். குறைஞ்சா முதல்ல எங்க மூணு பேரையும் கேளுங்க. அப்புறம் எழுதுங்க. உங்க பர்ஸைத் திறந்தீங்கன்னு தெரிஞ்சா, அதோட முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா ஆச்சு?"

"இன்னும் மூணு மாசம் தள்ளிட்டாங்க."

"ரூமுக்குச் சுண்ணாம்பெல்லாம் அடிச்சாச்சே."

"நல்லாக் காயட்டும், அதுக்கென்ன."

அவன் சிரித்தான். பிறகு சற்றுத் தயங்கி, "உனக்கு அங்க பேச்சுத்துணைக்காவது யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். "நாலு பேர் இருக்கோம்ல" என்றார் அவர்.

புதன்கிழமை மாலை பெட்டியில் நாற்பத்தைந்து குறைந்தது. இரண்டு முறை எண்ணினார். கைப்பை காலடியில் இருந்தது. அதைக் காலாலேயே மேசைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார். நடுவில் இருந்த மேசைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நெட்டையன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதை முடியும் என்று காத்திருந்தார், முடிவதாக இல்லை.

"பெட்டியில நாற்பத்தஞ்சு குறையுது. யாராவது எடுத்தீங்களா?"

குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மூவரும் நிமிர்ந்தார்கள். சுருட்டைமுடி தன் மேசையைப் பார்த்தாள். "நான் இல்லக்கா." மேலாளர் இல்லையென்று தலையசைத்தார். நெட்டையன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து தானே ஒருமுறை எண்ணினான். குறைவு குறைவாகவே இருந்தது.

ஏட்டில் எழுதினார்: "குறைவு நாற்பத்தைந்து. மூவரையும் கேட்டேன். காரணம் தெரியவில்லை." அப்படி ஒரு வரியைத் தம் கையெழுத்தில் அவர் இதுவரை எழுதியதில்லை. மேலாளர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

மற்றவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நெட்டையன் கதவருகே திரும்பினான்.

"நாளைக்கும் குறைஞ்சா?"

"நாளைக்கும் கேட்பேன்."

"தினம் இப்படிக் கேட்டீங்கன்னா நாங்க வேலைய விட்டு ஓடிருவோம்க்கா."

அவன் சிரித்தபடியே மற்றவர்களோடு படியிறங்கிப் போனான். அவன் சொன்னது கேலியா, சலிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பூட்டினார், விளக்கை அணைத்தார், பேருந்து நிறுத்தம்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். எதுவாக இருந்தால்தான் என்ன, பெட்டி குறைந்தால் நாளை ஆறு மணிக்கு எழுந்து போய் நிற்கத்தான் வேண்டும்.