சர்ச்சார்ஜ் இல்லாத டிக்கெட்

எங்கள் எம்.டி. பூவராகவன் வெளியாட்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை, "திலகவதி இருக்கற வரைக்கும் நான் சர்ச்சார்ஜ் கட்ட மாட்டேன்" என்பதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அவர் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் அட்மின் வேலை பார்த்ததற்கு இதுதான் சர்டிஃபிகேட். நானும் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்திருக்கிறேன், வெட்கம் கெட்டுப்போய்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் போகப் போக நம் பேரில் மைல்ஸ் சேரும். சேர்ந்ததைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கலாம். இலவசம் என்பது பேருக்குத்தான். கடைசி பட்டனை அழுத்தும்போது எரிபொருள் சர்ச்சார்ஜ் என்று ஒரு தொகை எட்டிப் பார்க்கும். லண்டனுக்கு பிசினஸ் கிளாஸ் என்றால் ஆளுக்கு அறுபது, எழுபதாயிரம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலைக்குக் காசு கேட்கிற கதை. ஆனால் எல்லாக் கம்பெனியும் இதைக் கேட்பதில்லை. அதே விமானம், அதே சீட்; ஒரு கம்பெனியின் மைல்ஸைக் கொடுத்தால் சர்ச்சார்ஜ் உண்டு, இன்னொரு கம்பெனியின் மைல்ஸைக் கொடுத்தால் விமான நிலைய வரியோடு போச்சு. எதைக் கொடுத்து எதை எடுத்தால் இந்தக் காசு தப்பும் என்பது எனக்கு அத்துப்படி. ஆரம்பாக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்து போகிறவள் நான். விமானத்தின் உள்பக்கத்தை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

எம்.டி.யின் கிரெடிட் கார்டு பாயின்ட்டெல்லாம் சர்ச்சார்ஜ் போடுகிற கம்பெனிக்குத்தான் மாற்ற முடியும். சர்ச்சார்ஜ் போடாத கம்பெனியின் மைல்ஸ் வேறு ஆட்கள் பேரில் கிடந்தது. எங்கள் ஃபிட்டர்கள் பேரில். நாங்கள் செய்கிற ரோலிங் மில் மெஷின்களைப் பொருத்திக்கொடுக்க அவர்கள் கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா என்று போய் வருவார்கள். அவர்களுக்கு மைல்ஸ் கணக்கு திறந்தது நான். ஈமெயில் நான் போட்டது, பாஸ்வேர்ட் என் டைரியில். அந்தக் கணக்குகளில் எம்.டி.யின் மனைவியையும் மகளையும் சேர்த்துவிட்டு, அவர்களுக்கு லண்டன், பாரிஸ், ஜூரிச் என்று டிக்கெட் எடுத்துக்கொடுத்ததும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. அது திருட்டு என்று அப்போது தோன்றவே இல்லை, சாமர்த்தியம் என்றுதான் தோன்றியது.

போன வருஷம் ரிட்டயர் ஆன ஏழுமலை அண்ணன் ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் படகில் போக, இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டர் ஆனவர். பதினாலு தடவை ஆப்பிரிக்கா போய் வந்தவர். கையில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்.

"இன்னா தங்கச்சி, நாஷ்டா ஆச்சா?" என்றார். கவரைக் கவிழ்த்தார். போர்டிங் பாஸ் கிழிசல்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக.

"எல்லாம் கீது பாரு. மொத தபா போவ சொல்லவே நீ சொன்னியே, இத்த தூக்கிப் போடாதீங்கண்ணா, மைல்ஸு ஏறலன்னா இதக் காட்டித்தான் கேக்கணும்னு. ஒண்ணு வுடல."

சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் அதை பி.எஃப். மாதிரி நினைத்திருக்கிறார். மாதாமாதம் ஏறும், யாரும் தொட முடியாது, ரிட்டயர் ஆனதும் முழுசாகக் கைக்கு வரும்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு டிக்கெட். மகள் அஸ்வினி அயர்லாந்தில் நர்ஸ். புருஷனுக்கு அங்கே ஓட்டலில் சமையல் வேலை, பகல் இரவு என்று மாறி மாறி ஷிஃப்ட். போன வருஷம் தரித்த கரு நாலாம் மாசத்திலேயே கலைந்துவிட்டது. இது ரெண்டாவது, ஏழாம் மாசம். பிரஷர் ஏறி, படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் எடுத்துக்கொடுக்கக்கூட ஆளில்லை. அம்மா பச்சையம்மா போக வேண்டும். விசா வந்துவிட்டது.

"டெய்லி போன்ல அழுவுறா. அம்மாவ அனுப்புப்பாங்கிறா. இவ இங்க சோறு துன்ன மாட்டேங்கிறா. ரெண்டு பேராண்டயும் பேஜாரு" என்றார். "அஸ்வினி நெட்ல பாத்துட்டா. நான் போன ப்ளேன் கம்பெனி மைல்ஸுல எடுத்தா அந்த டீசல் காசுகூட கெடையாதாமே. நீ போட்டுக் குடுத்துடு தங்கச்சி, இந்த வாரமே போவட்டும்."

அவர் பேரில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைல்ஸ் சேர்ந்திருந்தது. பச்சையம்மாவை நாலு தடவை அனுப்பலாம். மே மாதம் எம்.டி.யின் மனைவியும் மகளும் லண்டன் போனபோது அதைத் துடைத்து எடுத்தேன். கணக்கில் மிச்சம் ரெண்டாயிரத்துச் சொச்சம். அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை, மனப்பாடமாகத் தெரியும்.

"சர்வர் வேலை செய்யலண்ணா. பாத்துட்டு போன் பண்றேன்" என்றேன். அவர் கிழிசல்களை மறுபடி கட்டி, கவரில் போட்டு, என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் வைத்தால் எலி கடிக்குமாம்.

மறுநாள் எம்.டி. அறைக்குள் போனேன். எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரிந்துவிடும். அவர் பார்த்துவிட்டு, "என்ன, இன்க்ரிமென்ட்டா?" என்று சிரித்தார். சொன்னேன்.

"டிக்கெட்டுக்குப் பணம் கட்டினது யாரு?"

"கம்பெனி சார். ஆனா மைல்ஸ் அவர் பேர்ல..."

"லாரியை டிரைவர்தான் ஓட்டறான். ஓடின கிலோமீட்டர் டிரைவருக்கா சொந்தம்?" என்றார். பிறகு பெரிய மனசு வந்துவிட்டது. "சரி, பழைய ஆளு. என் கார்டு பாயின்ட்ல ஒரு டிக்கெட் போட்டுக்கொடுங்க. சர்ச்சார்ஜ் வந்தா அவரையே கட்டச் சொல்லுங்க. ஓசியில கிடைக்கும்போது அதுகூடக் கட்டலைன்னா எப்படி?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் சர்ச்சார்ஜ் கட்டாத மனுஷர் சொல்கிறார். எனக்கு அந்த மேஜைக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது. "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் சீட் இருந்தது. சர்ச்சார்ஜ் இருபத்திநாலாயிரம். எம்.டி.யின் பாயின்ட்டை வைத்தே சர்ச்சார்ஜ் இல்லாமல் போக இன்னொரு வழியும் இருந்தது. ஒரு கூட்டாளிக் கம்பெனி விமானத்தில் எடுத்தால் காசு கேட்க மாட்டார்கள். அதில் சீட் அத்தி பூத்தாற்போல்தான் கிடைக்கும். நோண்டி நோண்டிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது, இருபதாம் தேதி. வெள்ளிக்கிழமையிலிருந்து பதினைந்து நாள் தள்ளி.

ரெண்டையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். இருபத்திநாலாயிரமா, என் மைல்ஸுக்குத்தான் அது கிடையாதே என்பார். அஸ்வினியிடம் கேட்பார். படித்த பெண், அந்தக் கணக்கைத் திறந்து காட்டு என்பாள். திறந்தால் எம்.டி. மனைவியின் பேர் வரிசையாக நிற்கும். பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறதே, பதினைந்து நாளில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ரெண்டே நிமிஷம்தான் தேவைப்பட்டது.

போன் போட்டு, "இருபதாம் தேதிக்குத்தாண்ணா சீட் இருக்கு. சர்ச்சார்ஜ் ஒரு பைசா கிடையாது" என்றேன்.

"அதுக்கு முன்னால எதுவும் இல்லியா?"

"இல்லண்ணா."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். போட்டுரு" என்றார். பச்சையம்மா பக்கத்திலிருந்து போனை வாங்கி, நான் நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னார்.

பதினோராம் தேதி அஸ்வினிக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ஒண்ணே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஏழுமலை அண்ணன் போன் செய்து டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று கேட்டார். அன்றாவது சொல்லியிருக்கலாம். "மாத்தினா இந்த சீட் போயிடும்ணா" என்றேன். அதுவும் உண்மைதான், பாதி உண்மை; சர்ச்சார்ஜ் கட்டினால் முன்னாலேயே போகலாம் என்ற மறுபாதியைச் சொல்லவில்லை. அவர் அஸ்வினியைக் கேட்டிருக்கிறார். குழந்தை தேறி வருகிறது, அம்மா அந்தத் தேதிக்கே வரட்டும் என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

பதினேழாம் தேதி குழந்தைக்குக் கிருமி தொற்றிவிட்டது. பதினெட்டாம் தேதி போய்விட்டது.

பச்சையம்மா இருபதாம் தேதியே கிளம்பினார். குழந்தைக்கென்று கத்தரித்துத் தைத்த பழைய பருத்திப் புடவைத் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனாராம், இனி எதற்கு என்று. மொழி தெரியாத ஊரில் விமானம் மாறி, மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பேத்தியை போனில்தான் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஏழுமலை அண்ணன் ஆபீசுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பச்சையம்மாவின் பாஸ்போர்ட் நகலை மேஜைமேல் வைத்தார். அடுத்த மாசம் முதல் வாரத்தில் அவர் திரும்பி வர டிக்கெட் வேண்டும் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

"அஸ்வினி எழுந்து நடக்கறா. ஆனா யாராண்டயும் பேச மாட்டேங்கிறாளாம்" என்றார். "அம்மா வந்ததும் கொழந்தைய ஒரு தபா அவ கையில தூக்கிக் குடுக்கணும்னு நர்ஸாண்ட சொல்லி வெச்சிருந்தாளாம். அதுக்குள்ள..."

பாஸ்போர்ட் நகலை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "உன்ன ஒண்ணும் சொல்றதுக்கில்ல தங்கச்சி. சீட்டு இல்லன்னா நீ இன்னா பண்ணுவ. உன்னால ஆனத நீ செஞ்ச" என்றார்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம் லண்டனுக்குப் போன மைல்ஸ், அதற்கு முன்னால் போனவை, ரெண்டாயிரத்துச் சொச்சம், எம்.டி. சொன்னது, வெள்ளிக்கிழமை. சொல்லும்போது அழுதேன். அழுததில்கூட எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது, ஏதோ நான்தான் பறிகொடுத்தவள் மாதிரி.

அவர் மைல்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எம்.டி.யைப் பற்றியும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெயம சீட்டு இருந்துச்சா?" என்றார்.

"இருந்தது."

"எவ்ளோ?"

"இருபத்திநாலாயிரம்."

"அந்த டப்பு நான் குடுக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"இல்லண்ணா. கேட்டா ஏன்னு கேப்பீங்க. அதான் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார், மெஷினில் எங்கே பழுது என்று புரிந்துவிட்ட ஆள் மாதிரி. "பச்சையம்மா வளையல வெச்சா ஒரு மணி நேரத்துல வாங்கியாந்திருப்பேன். எதுக்குன்னும் கேட்டிருக்க மாட்டேன். பொண்ணாண்ட அவ போய்ச் சேந்தா போதும்னு இருந்தேன்."

மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட் நகலை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

"திரும்பி வர டிக்கெட்ட பஜார்ல ஏஜென்ட்டாண்ட துட்டு குடுத்து போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சையம்மா திரும்பி வர அவர் கேட்டிருந்த வாரத்தில் சர்ச்சார்ஜ் இல்லாத சீட் நாலு இருந்தது. காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன்.