மரமில்லாத கிளை

1

"கொக்கு தண்ணியிலதானே நிக்குது மச்சான்? அப்போ இந்தக் கிளை எங்கேருந்து முளைச்சுது?"

"சீனாக்காரன் போட்டிருக்கான். நான் பாத்துப் போட்டேன்."

"மரமே இல்லாம கிளையா? அவன் ஊருக் கொக்கு போற இடத்துக்கெல்லாம் சுள்ளியும் சுமந்துக்கிட்டே போகுமோ?"

"கழுதை வெயில்ல நிக்குது. தட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

கேட்டவன் துராப். சூளையிலிருந்து சந்தைக்குத் தட்டு சுமப்பவன். இருபது வருடத்தில் ஒன்றைக்கூட உடைக்காதவன். சிரிக்காமல் பதில் சொன்னவன் நஜஃப்கோலி. தட்டில் நீலம் தீட்டுபவன், துராபின் மனைவிக்கு அண்ணன். நல்ல கைக்காரன். நேர்மையான

(அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு நீலத் தட்டு இருக்கிறது. எங்கள் ஊர் கெர்மானில் பல வீடுகளில் இருப்பதுதான். அந்தக் காலத்தில் சீனத் தட்டைப் பார்த்து எங்கள் மண்ணில் செய்தது. நடுவில் தாமரைக் குளம், ஒரு கொக்கு. விளிம்பிலிருந்து குளத்தை நோக்கி, இரண்டே இலையோடு ஒரு கிளை. "இதை வரைஞ்சவர் நம்ம குடும்பத்து ஆளு" என்று விருந்தாளிகளிடம் சொல்வோம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் தட்டைத் துடைக்கும்போது கிளையை விரலால் தொடர்ந்தேன். கிளை அப்படிப் போகாது. விரிசல்தான் அப்படிப் போகும். அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. கற்பனைக்கு எதற்கு இவ்வளவு கூச்சம் என்று கேட்காதீர்கள்.

3

தெருக்கோடியில் இருந்த கவ்ஹரிடம் ஒரு சீனத் தட்டு இருந்தது. மகளுக்குச் சீராக வைத்திருந்தது. நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்ததும் கல்யாணம். அதற்குள் படியெடுத்துத் திருப்பித் தருவதாகப் பட்டறை கேட்டது. துராப் அதைக் கம்பளியில் சுற்றி, கழுதையை நம்பாமல் தன் மார்போடு அணைத்து, நடந்தே கொண்டுவந்து நஜஃப்கோலி கையில் கொடுத்தான்.

முதலில் நான் எழுதியது: 'அன்று சூளைக் கூரைமேல் ஒரு பூனை'

இல்லை. பூனையே இல்லை. இரண்டாம் முறை 'அவன் மூன்று நாளாகத் தூங்கவில்லை' என்று எழுதினேன். நஜஃப்கோலி நன்றாகத் தூங்கியிருந்தான். இளஞ்சூட்டில் இருந்த சூளைமேல் தட்டை வைத்தான். பளிச்சென்று தெரியட்டும் என்று ஈரத் துணியால் துடைத்தான். டிக். அவ்வளவுதான் சத்தம். விளிம்பிலிருந்து கொக்கு வரை மயிரிழைக் கோடு.

சாயங்காலம் மெல்லிய தாளைத் தட்டின்மேல் விரித்து உருவத்தை எடுத்தான். கோடுகள்மேல் ஊசியால் துளையிட்டான். அந்தத் தாளைப் புதுத் தட்டில் வைத்துக் கரிப்பொடியைத் தட்டினால், துளை வழியே உருவம் இறங்கும். எங்கள் பட்டறைகளில் தாளில் இருப்பதுதான் சாட்சி. தாள் பொய் சொல்லாது என்பார்கள்.

விரிசல்மேலும் துளையிட்டான். கொஞ்சம் யோசித்து, இரண்டு இலை சேர்த்தான். வரும்போதே கோடு இருந்தது, அதைக் கிளை என்று நினைத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

4

கவ்ஹர் தட்டை வாங்கிக்கொள்ள வந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"வரும்போதே இருந்துச்சு அக்கா. இந்தத் தாளைப் பாருங்க. நாங்க கிளைன்னு நினைச்சு அதையும் எடுத்திருக்கோம்."

"என் தட்டுல கோடா? வாரா வாரம் துடைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?" தாளை முகத்தருகே கொண்டுபோனாள். "அப்போ இங்க வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கு. கொண்டுவந்தானே, அந்தக் கழுதைக்காரன்."

நஜஃப்கோலி இதை எதிர்பார்க்கவில்லை. அவன் போட்ட கணக்கில் துராப் இல்லவே இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்.

(இந்த இடத்தில் பத்து வரி எழுதி அடித்திருக்கிறேன். எல்லாம் அவன் ஏன் பேசவில்லை என்பதற்கான நியாயங்கள். ஒவ்வொன்றும் இரண்டு இலை.)

வாயை மூடிக்கொண்டான்.

5

பந்தர் துறைமுகத்து வணிகர்களுக்கு அந்தக் கிளை பிடித்துப்போனது. சீனாவிலேயே கிடைக்காத வேலைப்பாடாம். இன்னும் நாற்பது தட்டு வேண்டும், கிளை இல்லாமல் அனுப்பக் கூடாது என்று ஆள் வந்து சொன்னான்.

நஜஃப்கோலி வரைந்தான். கொக்கை வரையும்போது கை ஓடும். கிளைக்கு வரும்போது, பட்டறையில் யாரும் பார்க்கவில்லை என்றாலும் தட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். நாற்பது முறை.

அந்த நாட்களில் துராபின் கழுதை வெறுங்கழுதையாகவே நின்றது. அவனிடம் சரக்கு கொடுத்துவந்த கண்ணாடி வியாபாரி வேறு ஆளைப் பிடித்தார். "துராபா? மரத்தைச் சுமக்கக் குடுத்தாலும் கிளையா முறிச்சுக் கொண்டுவருவான்" என்று ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில் சிரித்தார்கள். நஜஃப்கோலியும் அங்கே இருந்தான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் ஒத்துக்கொள்கிறான். படித்தபோது, எங்கள் வீட்டுத் தட்டைக் காப்பாற்ற எழுதியது போல இருந்தது. இன்னொன்றில் அவன் மறுக்கிறான், நான் அவனைத் திட்டுகிறேன். அது இன்னும் மோசம். திட்டிவிட்டால் நான் வேறு ஆள் ஆகிவிடுவேனா? இரண்டையும் கிழித்தேன். அவன் என்ன சொல்வான் என்பதை நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

வெள்ளிக்கிழமை காலை துராப் கழுதை இல்லாமல் வந்தான். நஜஃப்கோலியின் தூரிகை கடைசித் தட்டின் கிளையில் இருந்தது.

"மச்சான், தட்டு வரும்போதே கோடு இருந்துச்சுன்னு நீதான் சொன்னியாம். கவ்ஹர் அக்கா தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றாங்க. என் மச்சான் அப்படிச் சொல்றவன் இல்லன்னு அவங்களோட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்." துராப் சிரிக்கக்கூடப் பார்த்தான். "கையில வாங்கினவன் நீ. நான் குடுக்கும்போது அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். கையைத் துடைச்சுக்கோ மச்சான். அவங்க வாசல்ல வந்து நீயே ஒரு வார்த்தை சொல்லிடு."