பச்சைக் கோடு போட்டவன்

நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட நகரத்தில் எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், நகராட்சி ஒரு வரைபடத்தைக் காட்டும். 'அமைதிப் பாதைகள்' என்று தலைப்பு. உள்ளே பச்சைப் பச்சையாகக் கோடுகள். அதை வரைந்த மேதாவி நான்தான். சாலைப் பிரிவின் குளிரூட்டிய அறையில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரே மத்தியானத்தில் வரைந்து தள்ளினேன். எந்தச் சாலை திரையில் மெல்லியதாகத் தெரிந்ததோ, அதற்குப் பச்சை. மெல்லிய சாலையில் வண்டி குறைவாகத்தான் போகும் என்பது என் விஞ்ஞானம். எங்கள் பிரிவுத் தலைவர் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான். வரைபடத்தைப் பார்த்தும் அதையே சொன்னார். அது இணையத்தில் ஏறிவிட்டது.

அதை நம்பி ஏமாந்த முதல் ஆள் என் அக்கா.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரார் விழுந்து எழுந்ததையெல்லாம் படம் பிடித்தே தலை நரைத்துப்போனவளுக்கு, ஐம்பது தாண்டியபின் சைக்கிள் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஓரளவு தள்ளாடிப் பழகிவிட்டாள். இனி நீளமாக ஒரு சாலை வேண்டும். அங்கே வண்டியும் வரக்கூடாது, மனிதர்களும் இருக்கக்கூடாது.

"விழுந்தா எலும்பு ஒட்டிக்கும்டா. பார்த்துச் சிரிச்சானுங்கன்னா மனசு ஒட்டாது" என்றாள்.

முதல் ஞாயிறு, மொத்தச் சந்தையின் பின்னால் ஓடும் பச்சைக் கோட்டுக்குப் போனோம். சந்தைக்கு வரும் லாரிகள் எல்லாம் அந்தப் பின்பக்க வழியாகவே வந்துகொண்டிருந்தன. அக்கா சைக்கிளில் ஏறவேயில்லை. எருமையை ஓட்டிப் போவதுபோல் பாதை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"இதுதான் அமைதியா?"

"ஞாயித்துக்கிழமைங்கிறதால கொஞ்சம்..."

"வாயை மூடு."

அடுத்த ஞாயிறு ஏரிக்கரை. அங்கே சைக்கிள் சங்கத்தார். தோலோடு ஒட்டிய சட்டை, தர்பூசணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல் தலைக்கவசம். நடந்தே போய்விடக்கூடிய டீக்கடைக்கு, விண்வெளிக்குக் கிளம்புகிற ஏற்பாட்டோடு கிளம்பியவர்கள். "ஆன்ட்டி, லெஃப்ட்ல போங்க!" என்று கத்தியபடி ஒருவன் பறந்தான். அக்கா இடப்பக்கம் போனாள். இடப்பக்கம் சாலை இல்லை, புதர்தான் இருந்தது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த மேப்பை வரைஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"நான்தானேக்கா வரைஞ்சேன்."

"தெரியும்டா. அதனாலதான் சொல்றேன்."

கோபத்தில் சந்து மாறித் திரும்பியதில், குடிநீரேற்று நிலையத்தின் பின்பக்கம் வந்து சேர்ந்தோம். ஒருபுறம் நிலையத்தின் மதில், மறுபுறம் மரங்கள். புதுக் குழாய் ஏற்றிய லாரிகள் வருவதற்கென்று போட்ட தார்ச்சாலை. குழாயும் வரவில்லை, லாரியும் வரவில்லை. காற்றில் லேசாகக் குளோரின். நடுச்சாலையில் ஒரு பூனை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. என் வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

அக்கா ஏறினாள். மதிலின் கோடிவரை போய், காலை ஊன்றித் திரும்பி, பல்லெல்லாம் தெரிய வந்தாள். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. தூசியே இல்லாத சாலை அது.

"இந்த இடம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஆபீஸ்ல போய் உளறினே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள்.

பல ஞாயிறுகள் அப்படியே போயின. ஒருநாள் சாயங்காலம், வேலை உடையைக்கூட மாற்றாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னைக்கு உடைஞ்ச மணிக்கட்டு ஒண்ணை எக்ஸ்ரே எடுத்தேன். தையல்காரம்மா. என் வயசுதான் இருக்கும், இப்பதான் சைக்கிள் பழகுறாங்களாம். சந்தைக்குப் பின்னால லாரிக்கு ஒதுங்கப்போய் விழுந்திருக்காங்க. அங்க ஏம்மா போனீங்கன்னு கேட்டேன். மேப்புல பச்சையா போட்டிருந்துச்சேங்கறாங்க."

எனக்கு எதற்கும் ஒரு பகடி கைவசம் இருக்கும். அன்றைக்குப் போனில் அந்த வரைபடத்தைத்தான் திறந்தேன்.

"அழிச்சிடு. எல்லாத்தையும்."

"அழிச்சா வெறும் ஊர்தான்க்கா மிஞ்சும். ஒண்ணாவது காட்டலேன்னா சூப்பர் அந்தப் பழசையே திரும்ப ஏத்திடுவாரு."

"அப்ப நம்ம ரோட்டைப் போடு."

"ஊரே வந்துடும்க்கா. நீ இன்னும் கால ஊனித்தான் திரும்புற."

"ஊனிட்டுப் போறேன். பாக்குறவன் பாக்கட்டும்."

மறுநாள் எல்லாப் பச்சையையும் அழித்துவிட்டு, ஒன்றே ஒன்றைப் போட்டேன். சூப்பர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது? இவ்வளவு பெரிய ஊருக்கு நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கோடு?"

"ஊர்ல அவ்வளவுதான் சார் இருக்கு."

"அப்ப முன்னாடி இருந்ததெல்லாம்?"

"என் கற்பனை சார். அதை நம்பிப் போய் ஒரு அம்மா கையை உடைச்சுக்கிட்டாங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். உடைந்த கையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "கற்பனைன்னு வெளிய சொல்லி வைக்காதே. 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு'ன்னு போடு" என்றார்.

மேம்படுத்தியதன் பலன் அந்த ஞாயிறே தெரிந்தது. பக்கச் சக்கரம் வைத்த குழந்தைகள், அவற்றின் பின்னால் மூச்சிரைக்கும் அப்பாக்கள், முட்டி வலிக்காரர்கள், ஒரு பருத்த மனிதர். அக்கா முனையிலேயே நின்றுவிட்டாள்.

"வேற இடம் பாக்கலாமாக்கா?"

"எங்கடா இருக்கு?" என்று ஏறிவிட்டாள்.

கோடிவரை நன்றாகவே போனாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வீம்பில், காலை ஊன்றாமல் திரும்பப் பார்த்தாள். பரப்பிப் போட்ட மாதிரி விழுந்தாள். சாலையே நின்றது. ஒரே ஒருவன்தான் சிரித்தான். அவளுடைய சொந்தத் தம்பி.

உட்கார்ந்தபடியே முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "உடையலை" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பருத்த மனிதர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அருகில் வந்தார். "நானும் இதே இடத்துலதாங்க விழுந்தேன். ரெண்டு தரம்."

"இன்னொரு தரம் திரும்பிக் காட்டுங்க, பாப்போம்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "சிரிச்சு முடிச்சிட்டியா? வந்து சைக்கிளைத் தூக்குடா."

தூக்கி நிறுத்தினேன். அக்கா ஏறவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அந்த மனிதர் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்படியும் விழுவார் என்ற நம்பிக்கையோடு.